பத்து மைக்ரோமோலார்

மார்ச் 4, செவ்வாய்

ஜர்னலில் இருந்து பதில் வந்துவிட்டது. எங்கள் பேப்பரைப் படித்த மூன்று பேரில் இருவருக்குத் திருப்தி. ஒருவர் ‘மிக நேர்த்தியான வேலை’ என்றே எழுதியிருக்கிறார். யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும். மூன்றாவது ஆள்தான் குடைகிறார்.

கல்லூரி வேலைக்கான நேர்முகத் தேர்வில் இதையெல்லாம் நாலு வரியில் சொல்லச் சொல்வார்கள் என்று என் கணவர் (இங்கே ‘இவர்’) பயமுறுத்தியிருக்கிறார். சொல்லிப் பார்க்கிறேன். வெளியிலிருந்து செல்லுக்கு ‘நகரு’ என்று ஒரு சிக்னல் வருகிறது. அதை உள்ளே கடத்துவது ஒரு புரதம். அந்தப் புரதத்தின் பள்ளத்தில் போய் உட்கார்ந்து அதை வேலை செய்ய விடாமல் தடுக்கும் ஒரு சின்ன மூலக்கூறு எங்கள் கையில் இருக்கிறது. ஆய்வகத்தில் அதற்குச் செல்லப் பெயர் அடைப்பான். அடைப்பானைக் கொடுத்தால் புற்றுநோய்ச் செல்கள் நகராமல் நின்றுவிடுகின்றன. ஆகவே நகர்வுக்கு அந்தப் புரதம்தான் பொறுப்பு. அவ்வளவே. நாலு வரி தாண்டிவிட்டது.

மூன்றாவது ஆள் கேட்பது இது: அடைப்பானுக்கு ஓர் இரட்டையைச் செய்யுங்கள். எல்லாவற்றிலும் அதே மாதிரி இருக்கும், ஓர் இடத்தில் மட்டும் ஓர் அணு வேறு பக்கம் திரும்பி நிற்கும். அதனால் புரதத்தின் பள்ளத்தில் அது உட்காராது. அந்த இரட்டையைக் கொடுத்தால் செல்கள் தம் பாட்டுக்கு நகர வேண்டும். நகர்ந்தால் உங்கள் கதை சரி.

நியாயமான கேள்வி. நியாயமாக இருப்பதுதான் எரிச்சல்.

பெரிசு (ஆய்வகத் தலைவர், நேரில் ‘சார்’) படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “சும்மா சம்பிரதாயத்துக்குக் கேக்கறான். செஞ்சு மூஞ்சில எறி.”

எறிய வேண்டும். மே மாதக் கடைசிக்குள் பேப்பர் ஏற்கப்பட்டால் இவர் இருக்கும் ஊர்க் கல்லூரியில் எனக்கு வேலை. பேப்பர் இல்லையென்றால் பட்டியலில் அடுத்து நிற்பவருக்கு. மகள் சிட்டுவை மாதத்துக்கு ஒரு முறை, ரயிலில் ஓர் இரவு கடந்து போய்ப் பார்க்கும் இந்தக் கூத்து முடிய எனக்கு இருக்கும் ஒரே வழி இதுதான்.

மார்ச் 9, ஞாயிறு

போனில் நாத்தனார். அவளுக்கு வெளிநாட்டு வேலை உறுதியாகிவிட்டது. “ஜூன்ல கிளம்பறேன் அண்ணி. அதுக்குள்ள நீங்க இங்க வந்துடுவீங்கல்ல?”

வந்துவிடுவேன் என்றேன். வேறு என்ன சொல்ல? இவருக்கு மாறி மாறி வரும் ஷிஃப்ட். இத்தனை நாள் சிட்டுவைக் குளிப்பாட்டி, தலை பின்னி, பள்ளிக்கு அனுப்பி எல்லாம் நாத்தனார்தான். நன்றியும் இருக்கிறது, பொறாமையும் இருக்கிறது. எது கூடுதல் என்று அளந்து பார்க்கவில்லை.

சிட்டுவைக் கூப்பிடச் சொன்னேன். தூரத்தில் அவள் குரல்: “அப்புறம் பேசறேன்னு சொல்லு அத்தை. படம் வரையறேன்.”

ஏழு வயது. என்னைவிட அவளுக்கு வேலை அதிகம்.

மார்ச் 13, வியாழன்

இரட்டையைச் செய்து தர வேண்டியவர் கீழ்த்தளத்து வேதியியல்காரர். எந்நேரமும் புகை உறிஞ்சும் கூண்டின் முன்னால் நிற்பதால் அவருக்கு நான் வைத்த பெயர் புகைபோக்கி. அவருக்கும் தெரியும். கோபம் இல்லை.

“ரெண்டு வாரம் ஆகும் மேடம்.”

“ஒரு வாரத்துல முடியாதா?”

“முடியுமே. சர்க்கரையை அரைச்சுக் குடுத்துடறேன். அதுவும் வெள்ளையாத்தான் இருக்கும்.”

மார்ச் 27, வியாழன்

இரட்டை வந்தது. கண்ணாடிக் குப்பியின் அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி. கரைத்து வைத்தேன்.

பிளேட்டின் ஒவ்வொரு குழியிலும் செல்கள் விரிப்பு மாதிரி நெருக்கமாக வளர்ந்திருந்தன. பிப்பெட் முனையால் நடுவில் ஒரு கோடு கீறினேன். கீறின இடத்தில் செல் கிடையாது, வெறும் தரை. இரு கரையிலிருந்தும் செல்கள் நகர்ந்து வந்து ஒரே நாளில் அந்தக் கோட்டை மூடிவிடும். அடைப்பான் ஊற்றின குழியில் மட்டும் மூடாது. இந்த நாலு வருடத்தில் எத்தனை கோடு கீறியிருப்பேன், நெற்றியில் கூட இவ்வளவு இருக்காது.

முதல் குழியில் வெறும் கரைப்பான், அடுத்ததில் அடைப்பான், மூன்றாவதில் இரட்டை. வழக்கமான டோஸ்தான்: பத்து மைக்ரோமோலார். நாளைக் காலை முதலும் மூன்றும் மூடியிருக்க வேண்டும். படம் எடுத்து அனுப்பினால் கதை முடிந்தது.

மார்ச் 28, வெள்ளி

மூடவில்லை.

இரட்டை ஊற்றின குழி. கோடு அப்படியே இருக்கிறது, நேற்று கீறின மாதிரி. அடைப்பான் குழிக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை.

குப்பியை மாற்றி எடுத்துவிட்டேனா? எடுத்திருப்பேன். நேற்று தலைவலி வேறு. நிச்சயம் மாற்றித்தான் எடுத்திருப்பேன்.

ஏப்ரல் 2, புதன்

மாற்றி எடுக்கவில்லை.

இந்த முறை நெட்டையனை உட்கார வைத்தேன். எங்கள் ஆய்வகத்து முனைவர் பட்ட மாணவன். பேப்பரில் எனக்கு அடுத்த பெயர் அவனுடையது. எந்தக் குழியில் எது என்று எனக்குத் தெரியாமல் அவனே ஊற்றினான். நான் மைக்ராஸ்கோப்பில் பார்த்து மூடியது, மூடாதது என்று மட்டும் சொன்னேன். பிறகு அவன் குறிப்பைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

“அக்கா, இரட்டையும் நிறுத்துதுக்கா.”

“தெரியுது.”

“அப்ப நம்ம புரதம்?”

பள்ளத்தில் உட்காராத ஒன்று உட்கார்ந்ததன் வேலையைச் செய்கிறது என்றால், வேலை நடப்பது அந்தப் பள்ளத்தில் இல்லை. இது அவனுக்கும் தெரியும். இந்தப் பேப்பர் வந்தால்தான் அவன் பட்டத்துக்கு எழுத முடியும். அதுவும் எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 4, வெள்ளி

பெரிசிடம் சொன்னேன். “இரட்டை சுத்தமா இல்ல. அடைப்பான் கொஞ்சம் கலந்திருக்கும். திருப்பி அனுப்பு” என்றார், கம்ப்யூட்டரில் இருந்து தலையைத் தூக்காமல்.

அப்படித்தான் இருக்கும்! எனக்கு ஏன் இது தோன்றவில்லை? படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக இறங்கினேன்.

புகைபோக்கிக்கு மூக்கு சிவந்துவிட்டது. கலப்படம் இருந்தால் காட்டிக்கொடுக்கும் எந்திரத்தில் ஓட்டிய வரைபடத் தாளைக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டார். ஒரே ஓர் உச்சி, பக்கத்தில் ஒரு முள் கூட இல்லை.

“என் சரக்கு சுத்தம் மேடம். நீங்க உங்க பக்கம் பாருங்க.”

“உங்க எந்திரம் மட்டும் தப்பே பண்ணாதா?”

“பண்ணும். உங்களுக்குப் பிடிக்காத பதில் வரும்போது மட்டும்னு பார்த்துப் பண்ணாது.”

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். நான்கு பேர் எதிரில். அவர் மேல் வந்த கோபம் சாயங்காலம் வரை தாங்கியது. பிறகு என் மேலேயே திரும்பிவிட்டது.

ஏப்ரல் 8, செவ்வாய்

‘பத்து’ எங்கிருந்து வந்தது?

இன்று முழுக்க இந்த ஒரு கேள்வி. எங்கள் பேப்பரில் டோஸ் பற்றி எழுதியிருப்பது: ‘முன்பு விவரித்தபடி.’ அந்த முந்தைய பேப்பரை எடுத்தேன். அதிலும் ‘முன்பு விவரித்தபடி.’ அதற்கு முந்தையதிலும். மாடிப்படி மாதிரி இறங்கிக்கொண்டே போனால் கடைசிப் படியில் பெரிசின் முதல் பேப்பர். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த பேப்பர். அங்கேதான் உண்மையாகவே அளந்திருக்கிறார்கள். அங்கே பத்து.

ஆனால் அங்கே இருந்த அடைப்பான் வேறு! பழையது. சோப்ளாங்கி. புரதத்தை மூட அதற்குப் பத்து தேவைப்பட்டது. புகைபோக்கி பிறகு அதைச் செதுக்கிச் செதுக்கி நூறு மடங்கு கூர்மையாக்கிக் கொடுத்தார். மூலக்கூறு மாறியது, டோஸ் மாறவில்லை. அந்தப் பத்தில் நூறில் ஒரு பங்கு போதும் என்கிற இடத்தில் நாங்கள் எல்லோரும் பத்தையே கவிழ்த்துக்கொண்டிருக்கிறோம். நான், எனக்கு முன்னால் இருந்தவர், அவருக்கு முன்னால் இருந்தவர். யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. செல் என்ன பேசவா போகிறது, போதும் நிறுத்து என்று?

அவ்வளவு ஊற்றினால் அது ஒரு புரதத்தோடு நிற்குமா? கண்ட இடத்தில் கை வைக்கும். இரட்டையும் அதே கண்ட இடத்தில் கை வைக்கும்.

ஆகவே டோஸைக் குறைத்துப் பார்க்க வேண்டும். குறைத்தால் இரட்டை ஒன்றும் செய்யாது, அடைப்பான் மட்டும் நிறுத்தும். அப்படி வந்தால் பேப்பர் முன்பைவிட நன்றாக இருக்கும்.

அப்படி வரணும். தயவு செஞ்சு வரணும்.

ஏப்ரல் 16, புதன்

வரவில்லை.

பூச்சியம் புள்ளி ஒன்று. அந்த அளவில் புரதம் முழுக்க அடைபட்டுவிட்டது. செல்லைப் பிழிந்து பார்த்தோம், புரதம் வேலை செய்ததன் தடயமே இல்லை, சோதனைப் படத்தில் அது கறுப்புப் பட்டையாக விழ வேண்டிய இடம் சுத்த வெள்ளை. சிக்னல் நின்றுவிட்டது. ஆனால் செல்கள்? ஜாம் ஜாம் என்று நகர்ந்து கோட்டை மூடிவிட்டன. டோஸை ஒன்றுக்கு ஏற்றினாலும் அப்படியே. பத்துக்குப் போனால்தான் நிற்கின்றன, அங்கே இரட்டைக்கும் நிற்கின்றன.

நகர்வுக்கும் எங்கள் புரதத்துக்கும் சம்பந்தமே இல்லை.

நாலு வருஷம்டி. நாலு வருஷம்.

பெண் குழந்தைக்குப் பல் விழுந்து மறுபடி முளைத்திருக்கிறது. நான் இங்கே உட்கார்ந்து கோடு கீறிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 17, வியாழன்

எழுத மனமில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

பெரிசு கதவைச் சாத்தச் சொன்னார். நான் காட்டிய படங்களை வரிசையாகப் பரப்பி நிறைய நேரம் பார்த்தார். நான் எதிர்பார்த்தது கத்தல். அவர் கத்தவில்லை. அதுதான் கலக்கியது.

“மூணாவது ஆள் என்ன கேட்டிருக்கான்? இரட்டை பண்ணுன்னு கேட்டிருக்கான். எந்த டோஸ்ல பண்ணணும்னு சொல்லியிருக்கானா?”

“இல்ல சார்.”

“இரட்டையை ஒண்ணுல போடு. அடைப்பானைப் பத்துல போடு. படத்துக்குக் கீழ ரெண்டையும் எழுதிடு. நாம எதையும் மறைக்கலையே?”

ஒன்றில் இரட்டை எதுவும் செய்யாது, செல்கள் நகரும், கோடு மூடும். பத்தில் அடைப்பான் நிறுத்தும். பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு அழகாக இருக்கும். கீழே பொடி எழுத்தில் உண்மை இருக்கும். யார் படிக்கிறார்கள் பொடி எழுத்தை?

“சார், ஒண்ணுல அடைப்பானும் நிறுத்தாது.”

“அதை யாரும் கேக்கலையேம்மா” என்றார். எப்போதும் என்னை ‘ம்மா’ போட்டுக் கூப்பிடுகிறவர் இல்லை.

ஏப்ரல் 24, வியாழன்

படம் போட்டுவிட்டேன்.

போட்டுப் பார்ப்போம், அனுப்பினால்தானே குற்றம் என்று சொல்லிக்கொண்டு போட்டேன். நிஜமாகவே அழகாக இருக்கிறது. நெட்டையன் பின்னால் வந்து நின்று பார்த்தான். “இப்படியே இருக்கட்டும்க்கா” என்றான். கெஞ்சல் மாதிரி இருந்தது.

ஏப்ரல் 27, ஞாயிறு

ரயிலில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டார். அவர் தேய்க்க நான் துடைக்க, கல்யாணமான புதிதில் இருந்து இப்படித்தான் நாங்கள் முக்கியமான விஷயம் பேசுவது.

“ரெண்டு டோஸையும் எழுதித்தானே வைக்கிறீங்க?”

“ஆமா.”

“அப்ப பொய் இல்லையே.”

“பார்க்கிறவன் ரெண்டும் ஒரே டோஸ்னு நினைச்சுப்பான். நினைக்கட்டும்னுதான் அப்படி வெக்கறோம்.”

குழாயை நிறுத்தினார். “ஜூன்ல தங்கச்சி கிளம்பறா. எனக்கு நைட் ஷிஃப்ட் வந்தா இவளை யார்கிட்ட விட? உலகத்துல எத்தனை பேப்பர்ல எத்தனை ஓட்டை. உன்னோடதுல ஒண்ணு இருந்தா குடியா முழுகிடும்?”

“அப்படி இல்லீங்க—”

“நாங்க முக்கியமா, அந்தப் படமா? அதை மட்டும் சொல்லு.”

துடைத்துக்கொண்டிருந்த தட்டை டொக்கென்று வைத்தேன். என்னைப் பிரித்து இரண்டு தட்டில் வைத்து எது எடை என்று கேட்கிற மாதிரி. கோபத்தில் நானும் ஏதோ சொன்னேன், நீங்க மாத்தல் கேட்டு என் ஊருக்கு வந்தா என்ன, இத்தனை வருஷமா நான்தானே ரயில் ஏறறேன் என்று. பழைய ரெக்கார்டு. அவர் குழாயைத் திறந்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.

அவர் கெட்டவர் இல்லை. களைத்துப் போயிருக்கிறார். நானும்.

ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது சிட்டு கதவருகில் வந்து “டாட்டா” என்று கை காட்டிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். முன்பெல்லாம் அழுவாள். அழுகை நின்றது நல்லதுதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

முடிவு செய்துவிட்டேன். அனுப்பிவிடலாம். பெரிசு சொன்னபடியே. புதன்கிழமை அனுப்பிவிடலாம்.

ஏப்ரல் 30, புதன்

அனுப்பவில்லை.

என்ன நடந்தது என்று ஒழுங்காக எழுத வேண்டும்.

எல்லாம் தயார். அனுப்புகிற பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி, பெரிசு ஒரு தடவை பார்த்துவிடட்டும் என்று காத்திருந்தேன். அந்த நேரம் பார்த்துப் புகைபோக்கி மேலே வந்தார். சண்டைக்குப் பிறகு முகம் கொடுத்துப் பேசுவது இதுதான் முதல் தடவை. கையில் ஒரு தட்டு நிறைய குட்டிக் குப்பிகள். எங்கள் பேப்பர் வரப்போகிறது என்று கேள்விப்பட்டு ஏழு ஆய்வகத்துக்காரர்கள் அடைப்பானைக் கேட்டிருக்கிறார்கள். நாங்கள் யார் கேட்டாலும் இலவசமாக அனுப்புவது வழக்கம். பெரிசுக்கு அதில் பெருமை. குப்பியோடு ஒரு சீட்டு போகும்: எதில் கரைப்பது, எப்படி வைப்பது, செல்லுக்கு எவ்வளவு கொடுப்பது.

“செல்லுக்கு எவ்வளவுன்னு போட? பழைய சீட்டுல பத்துன்னு இருக்கு. அதையே அடிச்சிடட்டுமா?”

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல முடியவில்லை. பேப்பரில் படம் போடுவது ஒரு மாதிரி, அதை ஊர் பேர் தெரியாத யாரோ படிப்பார்கள். இது ஏழு பேர். ஏழு பேர் பிப்பெட்டை எடுத்துப் பத்து ஊற்றப் போகிறார்கள், எனக்கு வந்த அதே பதில் வரும், அதே ‘ஆகவே’ எழுதுவார்கள், கீழே ‘முன்பு விவரித்தபடி’ என்று போட்டு என் பெயரைப் போடுவார்கள். மாடிப்படியில் நானும் ஒரு படி.

“பூச்சியம் புள்ளி ஒண்ணு” என்றேன். “பத்து போடாதீங்க. பத்துல கண்டதையும் அடைக்குதுன்னு எழுதுங்க. இரட்டையையும் கூட ஒரு குப்பி வெச்சு அனுப்புங்க.”

அவர் என்னைப் பார்த்தார். கணினித் திரையில் இருந்த அழகான படத்தைப் பார்த்தார். கீழே இருந்த பொடி எழுத்தை மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். அந்த ஆள் படிக்கிறார் பொடி எழுத்தை!

“அப்ப இது?”

“இது இல்ல” என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கே புரிந்தது. சீட்டில் புள்ளி ஒன்று என்று அனுப்பிவிட்டுப் பேப்பரில் பத்து என்று அனுப்ப முடியாது. குளியலறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். நல்ல காரியம் செய்த நிம்மதி எல்லாம் ஒன்றும் இல்லை. சிட்டு முகம்தான் வந்தது.

மே 2, வெள்ளி

பெரிசு இன்று கத்தினார்.

சீட்டைப் பார்த்திருக்கிறார். “யாரைக் கேட்டு அனுப்பினே? ஆய்வகம் யாரோடது?” கதவு திறந்தே இருந்தது. நடையில் போனவர்கள் எல்லாம் நின்று நின்று போனார்கள்.

“உனக்கு வேண்டாம்னா உன் பேரை எடுத்துடறேன். நெட்டையன் பேர்ல போகட்டும்.”

“போனா நான் ஜர்னலுக்கு எழுதுவேன் சார்.”

எனக்கே என் குரல் அன்னியமாக இருந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். வேறு குரலில் கேட்டார், “அப்போ என் முதல் பேப்பரும் இதுதானா?”

பழைய அடைப்பானுக்கு இரட்டை யாரும் செய்ததில்லை. “தெரியாது சார்” என்றேன். அது உண்மை. அதைவிடப் பெரிய அடி வேறு இல்லை என்பதும் உண்மை. இருபத்தைந்து வருடமாக அந்தப் பேப்பரின் மேல்தான் அவர் வீடு கட்டியிருக்கிறார். நான் அடிமடியில் கை வைத்துவிட்டேன்.

மே 5, திங்கள்

பெரிசு வரவில்லை. நெட்டையன் வந்தான். ‘அக்கா’ போய்விட்டது. “மேடம், மைக்ராஸ்கோப் சாவி” என்றான்.

மே 7, புதன்

மதியம் பெரிசு ஆய்வகத்துக்குள் வந்தார். ஆய்வக வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். பத்துப் பதினைந்து வருடமாக அவரைக் கோட்டில் யாரும் பார்த்ததில்லை. ஜேபியில் பழைய ஆய்வகத்தின் முத்திரை.

“ஒரு பிளேட் இருக்கா?”

கொடுத்தேன். தானே ஊற்றுவேன் என்றார். எந்தப் பெட்டியில் எந்த முனை இருக்கிறது என்று தெரியவில்லை, கேட்க வெட்கம், ஒவ்வொரு டிராயராக இழுத்துப் பார்த்தார். நான் சும்மா இருந்தேன். கோடு கீறும்போது கை ஆடி வளைந்துவிட்டது. அதைத் துடைத்துவிட்டு வேறு குழியில் கீறினார். அதுவும் வளைவுதான். விட்டுவிட்டார். புள்ளி ஒன்றில் அடைப்பான், புள்ளி ஒன்றில் இரட்டை, பத்தில் இரண்டும். எழுதி, தேதி போட்டு, அவரே கொண்டுபோய் வெப்பப் பெட்டிக்குள் வைத்தார்.

ஏதாவது சொல்வார் என்று நின்றேன். “கை கழுவ சோப்பு எங்கேம்மா இருக்கு?” என்றார்.

மே 8, வியாழன்

எனக்கு முன்னால் வந்திருக்கிறார். மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் பின்னால் நின்றேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு கேவலமான ஆசை: அவர் கையில் மட்டும் வேறு மாதிரி வந்துவிட்டால்? நான் செய்தது எல்லாம் தப்பு, எனக்குக் கைத்திறன் இல்லை, பேப்பர் சரி என்று ஆகிவிட்டால்? கடவுளே, நான் அதைத்தான் வேண்டிக்கொண்டு நின்றேன்.

“புள்ளி ஒண்ணுல ரெண்டும் மூடிடுச்சு” என்றார்.

குழியை மாற்றினார். பத்து. “ரெண்டும் மூடல.”

எழுந்தார். கண்ணாடியைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். நெட்டையனைக் கூப்பிட்டு, “உன் பட்டம் என் பொறுப்பு. இதையே எழுது. எது எதுக்குக் காரணம் இல்லைன்னு எழுதறதும் வேலைதான்” என்றார்.

மே 12, திங்கள்

ஜர்னலுக்குப் பேப்பரைத் திரும்பப் பெறும் கடிதம் போய்விட்டது. அவரே எழுதினார். என்னையோ, மூன்றாவது ஆளையோ குறை சொல்லவில்லை. ‘எங்கள் சோதனையில் எங்கள் முடிவு நிற்கவில்லை.’ ஒரே வரி. முதல் பேப்பரையும் திரும்பச் சோதிக்கப் போவதாகக் கடைசியில் சேர்த்திருக்கிறார். அதை யாரும் கேட்கவில்லை.

எனக்கு அவர் மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தேடுகிறேன். முழுதாகப் போகவில்லை. அந்த ‘ம்மா’வை நான் மறக்க மாட்டேன்.

இவருக்குப் போன் செய்து சொன்னேன்.

“சரி” என்றார்.

மே 29, வியாழன்

கல்லூரியிலிருந்து பதில். இடம் வேறொருவருக்கு. எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்தால் வலிக்காது என்று சொன்ன ஆள் யாரோ.

பெரிசு என் ஒப்பந்தத்தை இன்னும் ஓர் ஆண்டு நீட்டித்திருக்கிறார். பத்தில் அடைப்பான் எதை அடைக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. புகைபோக்கி இன்று மேலே வந்து மூன்று புதுக் குப்பிகள் வைத்துவிட்டுப் போனார். “சர்க்கரை இல்ல மேடம்” என்றார். சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு.

ஜூன் 1, ஞாயிறு

இவர் கூப்பிட்டார். நாத்தனாருக்கு டிக்கெட் போட்டாகிவிட்டதாம். யாரையாவது சம்பளத்துக்கு வைத்துப் பார்க்கலாமா என்று நான் ஆரம்பித்தேன்.

“வேண்டாம். சிட்டுவை அங்க கொண்டுவந்து விடறேன்.”

“நீங்க?”

“நான் மாத்தல் எழுதிப் போட்டிருக்கேன். எப்ப வருமோ. அதுவரைக்கும் நான் ரயில் ஏறறேன்.”

குரலில் குத்தல் இருந்ததா என்று தெரியவில்லை. இருந்தாலும் சரி. நன்றி சொல்ல வந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. அன்று சமையலறையில் கேட்காமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை வருடம் நானேதான் ஏறிக்கொண்டிருந்திருப்பேனோ என்ற நினைப்பு குறுக்கே வந்தது.

ஜூன் 8, ஞாயிறு

வந்துவிட்டார்கள். ஒரே அறை வீடு. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சிட்டுவின் மேஜை. இவர் சாயங்கால ரயிலில் கிளம்பினார். சிட்டு ஜன்னல் வழியாக அப்பாவுக்கு டாட்டா காட்டினாள், அழவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

தலை பின்னத் தெரியவில்லை. அதாவது தெரியும், அத்தை மாதிரி தெரியவில்லை. மூன்று தடவை அவிழ்த்துப் பின்னினேன். புதுப் பள்ளியில் முதல் நாளே தாமதம்.

ஜூன் 12, வியாழன்

சாயங்காலம் பள்ளியிலிருந்து கூட்டிவந்தேன். ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, மழை வருமா என்று கேட்கிற மாதிரி கேட்டாள்:

“நீ எப்பம்மா கிளம்பறே?”

“எங்க?”

“ஊருக்கு. ஞாயித்துக்கிழமையா?”

ஒரு நிமிடம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. நான் வருவேன், இரண்டு நாள் இருப்பேன், கிளம்புவேன். அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா என்றால் அதுதான். எந்த வீடாக இருந்தாலும் கிளம்புகிறவள் நான்.

“இதுதான்டி என் ஊரு. நான் எங்கயும் போகல.”

நம்பின மாதிரி தெரியவில்லை. ஒற்றைக் காலில் ஷூவோடு எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து என் ரயில் பையை இழுத்தாள். ஜிப்பைத் திறந்து உள்ளே கை விட்டுத் துழாவினாள். ஒன்றும் இல்லை. பக்கத்து ஜிப்பையும் திறந்து பார்த்துவிட்டு, பையைப் பழைய இடத்துக்கே தள்ளினாள்.

“சரி” என்றாள். பசிக்கிறது என்றாள். எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.